காவிரிக்கு முன் கரமனை

மார்கழி பிறந்தால் சென்னைச் சபாக்களின் விரிவுரை மேடைகளில் ஒரு கருத்து தவறாமல் ஒலிக்கிறது. தமிழ்க் கீர்த்தனை என்பது 1940-களில் தமிழிசை இயக்கம் போராடிப் பெற்ற பிள்ளை, பாபநாசம் சிவன் அதன் தலைமகன், தியாகையரைப் போலவே அவரும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பாட்டுக்காரர் என்கிறார்கள். 'தமிழ்த் தியாகையர்' என்ற பட்டத்தை இதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தக் கருத்து இத்தனை காலம் தாக்குப்பிடித்து நிற்கிறது. சிவன் பிறந்த போலகம் தஞ்சைத் தரணியில் இருக்கிறது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாபநாசம் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். அவர் கச்சேரி முதன்முதலாக அரங்கேறியது 1918-இல், திருவையாற்று ஆராதனையில்.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. எட்டொன்பது வயதிலிருந்து இருபது வயதுவரை, ஒரு மனிதனின் காதும் நாக்கும் உருவாகிற அந்தப் பத்தாண்டுகளில், அவர் காவிரிக்கரையில் இல்லை. திருவனந்தபுரத்தில் இருந்தார். மலையாளம் படித்தார், வடமொழி இலக்கணம் படித்தார், அக்ரஹாரத் தெருக்களின் தமிழ் பஜனைக்குள் வளர்ந்தார். பிற்காலத்தில் மயிலாப்பூரின் நான்கு மாடவீதிகளிலும் அவர் நடத்திக் காட்டியது அந்தத் தெருக்களின் கலைதான். தமிழிசை வரலாறு எழுதுகிறவர்கள் ஆரியங்காவுக் கணவாயோடு பேனாவை மூடிவிடுவதால், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கீர்த்தனையின் தாய்வீடு வரலாற்றில் இல்லாமலே போய்விட்டது.

முன்கதை எல்லோருக்கும் தெரிந்தது. சீர்காழி மூவரான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உருவைத் தமிழுக்கு ஆக்கித் தந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்தின் மூலம் அதைக் கதாகாலட்சேப மேடைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுபோனார். கவிகுஞ்சர பாரதி பாளையக்காரர்களின் சீமையில் பாடினார். இருபதாம் நூற்றாண்டில் கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழ்ப் பாட்டு அமைத்து, மொழிக்கு எட்டாத ராகம் இல்லை என்று நிரூபித்தார். இந்தச் சங்கிலியில் தெற்கே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

திருவனந்தபுரம் என்றாலே சுவாதித் திருநாள் நினைவுக்கு வருகிறார். 1813-இல் பிறந்து 1846-இல் மறைந்த அந்த அரசரின் அவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். அரசரிடமிருந்து தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இரயிம்மன் தம்பி மலையாளத்தில் எழுதினார். அரண்மனையின் இசை கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவும் ஒலிக்கும். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் சுவாதித் திருநாளின் அந்த ஒன்பது கிருதிகளும் வடமொழியில் அமைந்தவை. மிக உயர்ந்த இசை அது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோட்டைச் சுவருக்கு வெளியே, சாலைக் கடைத்தெருவைத் தாண்டி நடந்தால் வேறொரு இசை இருந்தது. அதன் மொழி தமிழ்.

வலியசாலை அங்கேதான் இருக்கிறது. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள் வரிசை பிடித்த அக்ரஹாரம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று ஊரில் சொல்வார்கள். கிள்ளியாற்றைக் கடந்து தெற்கே போனால் கரமனை. அங்கும் ஆற்றங்கரையில் அதே மாதிரித் தெருக்கள். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஊட்டுப்புரைச் சோற்றையும் அரசு உத்தியோகத்தையும் நம்பி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வேர்விட்டார்கள். அலுவலகத்தில் மலையாளம், கோயிலில் வடமொழி, வீட்டில் தமிழ் என்று மூன்றும் ஒரே நாளில் ஒரே நாவில் புரண்டன. இந்த மூன்று மொழிப் புழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பாபநாசம் சிவனின் சொல்லாட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தத் தெருக்களின் முதல் பெரிய பாட்டுக்காரர் நீலகண்ட சிவன். நாஞ்சில் நாட்டில் 1839-இல் பிறந்தார். திருவிதாங்கூர் அரசு வேலையில் இருந்து, அதை உதறிவிட்டுச் சிவபக்தியையே வாழ்வாக்கிக்கொண்டார். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி மேல் தீராத காதல் கொண்டவர். பின்னாளில் கரமனையில் தங்கிப் பஜனையும் பாட்டுமாக வாழ்ந்து 1900-இல் மறைந்தார். பூர்விகல்யாணியில் 'ஆனந்த நடமாடுவார்', கரகரப்பிரியாவில் 'நவசித்தி பெற்றாலும்', முகாரியில் 'என்றைக்குச் சிவகிருபை வருமோ' ஆகியவற்றைக் கேட்காத கச்சேரி ரசிகர் இருக்க முடியாது. ஆனால் இவை திருவனந்தபுரத்துப் பாட்டுகள் என்பதை அந்த ரசிகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பாட்டு மேடையேறியது, பாட்டின் ஊர் மேடைக்கு வரவில்லை.

நீலகண்ட சிவனின் பெருமை எங்கே இருக்கிறது? அவர் ராகத்தைப் பாட்டுக்குள் திணிப்பதில்லை. முகாரி அவரிடம் அழுகை ராகமாக இருப்பதில்லை, கேள்வி கேட்கிற ராகமாகிறது. என்றைக்கு வரும் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் இன்னொருவரிடம் கேட்பதுபோலவே வரி தொடங்குகிறது. வாயில் இருக்கிற பேச்சுத் தமிழின் ஏற்ற இறக்கமே மெட்டாகிவிடுகிறது. படிப்பில்லாதவரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாடிவிடலாம். இப்படித் திருப்பிப் பாடத் தக்கதாக இருப்பதுதான் பஜனைப் பாட்டின் உயிர்.

பஜனை என்ற சொல்லைக் கேட்டவுடன் கச்சேரிக்காரர்கள் சிலர் அதை இரண்டாந்தரமாக நினைப்பதுண்டு. அந்த எண்ணம் அடியோடு தவறு. சம்பிரதாய பஜனை மிகக் கட்டுக்கோப்பான இசை நிகழ்ச்சி. தோடயமங்கலத்தில் தொடங்கும். குரு தியானம், ஜயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் என்று வரிசையாகப் போகும். நடுவில் குத்துவிளக்கை வைத்துச் சுற்றி ஆடிப் பாடும் திவ்யநாமம் உண்டு. விடிந்ததும் தெருவில் உஞ்சவிருத்தி. பாகவதர் ஒரு வரி எடுப்பார், ஜால்ராவும் மிருதங்கமும் பிடித்துக்கொள்ளும், கூட்டம் அதே வரியைத் திருப்பித் தரும். எட்டு வயதுப் பையனும் எண்பது வயதுக் கிழவரும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். இந்தச் சபையில் எடுபடுகிற பல்லவி சுருக்கமாக இருக்க வேண்டும், கூப்பிடுகிற தொனியில் இருக்க வேண்டும், முதல் வீச்சிலேயே ராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

பின்னாளில் பாபநாசம் சிவன் ஆன போலகத்து ராமய்யா இந்தத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது 1899-இல். 1890 செப்டம்பர் 26-இல் பிறந்த பையன் அவன். 1897-இல் தந்தை ராமாமிர்த ஐயர் இறந்துபோக, ஆதரவற்ற தாய் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உறவினரை நம்பித் திருவிதாங்கூருக்கு வந்தார். நீலகண்ட சிவனின் பஜனைகளில் கலந்துகொண்டு ராமய்யா பாட்டு கற்றான் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இன்னொரு செய்தி தெரிகிறது. சிறுவன் வந்த மறுவருஷமே நீலகண்ட சிவன் காலமாகிவிட்டார். அப்போது இவனுக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்காது. எனவே அவன் பெரும்பகுதி கற்றது அந்த மனிதரிடமிருந்து அல்ல, அவர் விட்டுப்போன பாட்டுகளிலிருந்துதான். பாட்டை இயற்றியவர் போன பிறகும் தெரு அதைப் பாடிக்கொண்டே இருந்தது. குருவே தெருவாகிவிட்ட அபூர்வமான கல்வி அது. நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் சங்கீதத்தின் அரிச்சுவடியைப் படித்தான். காதில் ஏற்கெனவே ஏறியிருந்ததற்கு அவர்கள் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் படித்தான். இந்தச் செய்தியை வரலாறுகள் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நகரக் கூடாத இடம் இது. பாபநாசம் சிவன் வடமொழி இலக்கணம் முறையாகப் படித்தவர், பின்னாளில் 'வடமொழிச் சொற்கடல்' என்ற அகராதியைத் தொகுத்தவர். அந்தப் படிப்பு அவருடைய பாட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

நடபைரவியில் அமைந்த 'ஸ்ரீவள்ளி தேவசேனாபதே' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். தோடியில் 'கார்த்திகேய காங்கேய', மோகனத்தில் 'கபாலி', வசந்தாவில் 'மால் மருகா' என்று பட்டியல் நீளும். எல்லாமே விளிகள். கூப்பிட்டுத்தான் சிவன் பாட்டைத் தொடங்குகிறார். பஜனைக்கு வேண்டியது கூப்பாடு, அதைத் தந்தது தெரு. அந்தக் கூப்பாட்டை எந்த வடிவத்தில் வைப்பது என்பதைத் தந்தது இலக்கணப் படிப்பு. பதி என்ற சொல் விளியில் 'பதே' என்று நெடிலில் முடியும். பாடகருக்கு அந்த ஏகாரம் நிற்க இடம் கொடுக்கிறது, நீட்ட இடம் கொடுக்கிறது, கூட்டத்துக்குச் சேர்ந்து பிடிக்க இடம் கொடுக்கிறது. பெயரின் முன்பாதியில் தமிழ்க் குறமகள் வள்ளி, பின்பாதியில் வடமொழித் தேவசேனை. இரண்டு மனைவியரையும் இரண்டு மொழிகளையும் ஒரே விளியில் சேர்த்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் அவருடைய தமிழ்க் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு வராளியில் உள்ள 'கா வா வா' போதும். கா என்றால் காப்பாற்று, வா என்றால் வா. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி என்று வகுத்த சொற்கள் இவை. வராளியின் உயிரே அதன் காந்தாரத்தில் இருக்கிறது. அதை அவசரப்பட்டுத் தொட முடியாது, ஆற அமர அசைத்து எடுக்க வேண்டும். பல எழுத்துள்ள சொல்லை அங்கே வைத்தால் கமகம் சொல்லை உடைத்துவிடும், சொல் உடைந்தால் பொருள் சிதறும். மேடையில் எத்தனையோ தமிழ்ப் பாட்டுகளுக்கு இந்த விபத்து நேர்கிறது. சிவன் ஒரே நெடிலால் ஆன வினைச்சொற்களை வரிசையாக வைத்து அந்த விபத்தையே தவிர்த்துவிட்டார். கமகம் எவ்வளவு நீண்டாலும் சொல் முழுசாகவே இருக்கும். குழந்தை தாயைக் கூப்பிடும் சொற்கள் அவை; அதனால்தான் மொழி தெரியாதவரும் அந்தப் பாட்டில் கண்கலங்குகிறார். இசைக்கும் இலக்கணத்துக்கும் பக்திக்கும் ஒரே எழுத்தில் தீர்வு கண்ட இடம் இது. இருபதாம் நூற்றாண்டுக் கர்நாடக இசையில் இதற்கு ஈடாகச் சொல்லக் கூடியவை மிகச் சில.

தனித்தமிழ் நோக்கில் சிவன்மேல் வைக்கப்படும் குறை, அவர் பாட்டில் வடசொல் அதிகம் என்பது. ரீதிகௌளையில் 'தத்துவம் அறியத் தரமா' என்பது வடசொல்லில் எழுந்து, தமிழ் வினையில் நடந்து, தமிழ் வினா ஆகாரத்தில் முடிகிறது. இதைச் சென்னை வைதிகப் பேச்சின் எச்சம் என்கிறார்கள். அந்தக் கணிப்பில் ஊர் தவறிவிட்டது. இந்தக் கலப்புக்கு மலைநாட்டில் மணிப்பிரவாளம் என்ற பெயரும், அதற்கென்றே எழுதப்பட்ட லீலாதிலகம் என்ற இலக்கண நூலும் பல நூற்றாண்டுகளாக இருந்தன. நாட்டு மொழியும் வடமொழியும் துருத்தாமல் சேர வேண்டும் என்பது அங்கே நிலைத்த அழகியல். மலையாளமும் சமஸ்கிருதமும் படித்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞன் தன் தாய்மொழியில் எழுதும்போது அந்த அழகியல் தானாகவே கூட வந்தது. குறையாகக் காட்டப்படுவது உண்மையில் ஒரு பள்ளியின் முத்திரை.

தூய தமிழும் அதே ஊரில்தான் செழித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு விழாவிலும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரப் பகுதி. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர். அவருக்குப் பின் அதே ஊரில், வேறு ஒரு பாதையில், தி. இலட்சுமண பிள்ளை வந்தார். 1864-இல் பிறந்து 1950-இல் மறைந்த இவர் அரசுக் கருவூலத்தில் உத்தியோகம் பார்த்தபடியே சங்கீதம் பயின்றவர். தமிழில் கீர்த்தனைகள் எழுதினார். மற்ற பாட்டுக்காரர்கள் தெய்வத்தின் பெயரையும் ஊரையும் கோயிலையும் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் கருணை, ஒழுக்கம், மனத்தை அடக்குதல், எல்லா உயிரிடத்தும் அன்பு என்று பாடினார்.

இலட்சுமண பிள்ளை இன்று மேடையில் ஏன் இல்லை? பாட்டின் தரம் குறைந்ததால் அல்ல. அவர் பாட்டுக்குத் தெரு இல்லை. கோயில் உற்சவம் இல்லை, ஆராதனை இல்லை, சுற்றி நின்று திருப்பிப் பாடும் கூட்டம் இல்லை. கச்சேரிப் பாடகர் ஒருவர் மனம் வைத்தால் ஒலிக்கும், இல்லையென்றால் புத்தகத்தோடு கிடக்கும். நீலகண்ட சிவனின் பாட்டைப் பஜனை தோளில் சுமந்து நூற்றாண்டைத் தாண்டியது. இலட்சுமண பிள்ளையின் பாட்டைச் சுமக்கத் தோள் இல்லாமல் போயிற்று. தமிழ்க் கீர்த்தனையின் எதிர்காலம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1910-இல் தாயும் இறந்தபின் ராமய்யாவுக்குத் திருவனந்தபுரத்தில் பிடிப்பு இல்லாமல் போயிற்று. கோயில் கோயிலாக அலைந்தார். அண்ணன் இருந்த பாபநாசத்துக்கு வந்தார். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு உருகிப் பாடும் இளைஞரைப் பார்த்து ஊரார் சிவன் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டு அவரை ஆட்கொண்டது. ராகத்தை அகல விரிக்கும் கச்சேரிப் பாணியை அங்கேதான் பெற்றார். காவிரி தந்தது என்ன என்று கேட்டால் இதைச் சொல்லலாம். திருவனந்தபுரத்திலிருந்து சொல்லோடும் பஜனையோடும் வந்தவருக்கு ராகத்தின் விரிவு கிடைத்தது. முதல் பாட்டு திருவாரூர்த் தியாகேசர் மேல், குந்தலவராளி ராகத்தில் பிறந்தது. 'ராமதாசன்' என்று முத்திரை வைத்தார்.

பிறகு மயிலாப்பூர். 1920-களின் தொடக்கத்திலிருந்து மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளையும் சுற்றி அவர் நடத்திய பஜனையைச் சென்னை தன் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுகிறது. கரமனையிலும் வலியசாலையிலும் வளர்ந்தவர்களுக்கு அதில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது. பனியில் முக்காடு, கையில் ஜால்ரா, ஒருவர் எடுக்க ஊரே தொடுக்கும் வரி: எல்லாம் அவர்கள் வீட்டு வாசலில் நடந்ததுதான். காம்போஜியில் 'காணக் கண் கோடி வேண்டும்' என்ற பாட்டு கபாலியின் பவனியைப் பாடுகிறது. மதுரை மணி ஐயர் அதைப் பாடிய விதம் கேட்டவர்களின் மனத்தை விட்டு நீங்காதது. அந்தப் பாட்டின் நடையை உற்றுக் கேட்டால் அது நின்று பார்க்கிறவரின் பாட்டில்லை, சுவாமியோடு கூட நடக்கிறவரின் பாட்டு என்று தெரியும்.

1934-இல் அவருடைய கீர்த்தனமாலை முதல் தொகுதி அச்சில் வந்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது 1941-இல், தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943-இல். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே புத்தகமாகிவிட்ட பாட்டுகளை இயக்கத்தின் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? இயக்கம் செய்த நன்மை பெரிது. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் மரியாதை கேட்டது. ஆனால் மேடைக்குக் கொண்டுவரப் பாட்டு கைவசம் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இயக்க வரலாறு விடை சொல்லவில்லை. விடை வடக்கே இல்லை, தெற்கே இருக்கிறது.

சினிமாக் காலத்தைப் பற்றிப் பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. 1934-இல் சீதா கல்யாணம் தொடங்கிச் சிவன் திரைக்கு இசையும் பாட்டும் தந்தார். 1936-இல் குசேலராகவும், 1939-இல் கல்கியின் கதையில் வந்த தியாகபூமியில் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தார். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எழுதிய பாட்டுகள் அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் வழியாகத் தமிழ் பேசும் ஒவ்வொரு ஊருக்கும் போயின. ஹரிதாஸ் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சாருகேசி என்ற ராகத்தின் பெயரே தெரியாத வண்டிக்காரரும் 'மன்மத லீலையை' பாடியபடி வண்டியோட்டினார். ஒருவர் எடுத்தால் ஊரே திருப்பிப் பாட வேண்டும் என்ற பஜனைச் சூத்திரம் திரையிலும் வேலை செய்தது, அவ்வளவுதான். இந்தக் காலத்திலேயே கலாக்ஷேத்திரத்தில் பாட்டு கற்பித்தார் என்பதும், டி.கே. பட்டம்மாள் போன்றவர்கள் அவரிடம் நேரில் பாடம் கேட்டுத் தமிழ்ப் பாட்டை மேடையேற்றினார்கள் என்பதும் அதே மூச்சில் நினைக்க வேண்டியவை. விருதுகள் தாமதமாகவே வந்தன. தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர் 1969-இல், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 1971-இல், பத்மபூஷண் 1972-இல். 1973 அக்டோபர் 1-இல் காலமானார்.

அவர் விட்டுவந்த ஊரில் இதற்கிடையே என்ன நடந்தது? 1939-இல் சுவாதித் திருநாள் பெயரில் இசைக் கல்விக்கூடம் தொடங்கியது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் தலைவர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் நெடுங்காலமும், பின்னர் ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965-இல் தாம் இறக்கும்வரை குறுகிய காலமும் அதை நடத்தினார்கள். மூவருமே தமிழர்கள். சுவாதித் திருநாள் கிருதிகளைத் தேடித் திரட்டி ஸ்வரப்படுத்தி உலகத்துக்குத் தந்தது முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் செய்த மகத்தான தொண்டு. ஆனால் அந்தத் திரட்டலின் வெளிச்சம் முழுக்க அரண்மனைமேல் விழுந்தது. ஒரு கல் தூரத்தில் இருந்த கரமனையின் தமிழ்ப் பாட்டுகளுக்கு அப்படி ஒரு முயற்சி அதே வேகத்தில் நடக்கவில்லை. நீலகண்ட சிவனின் பாட்டுகளில் கச்சேரியில் ஒலிப்பவை ஒரு கைப்பிடி அளவுதான்.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் இந்தப் பக்கம், கரமனை அந்தப் பக்கம். நீலகண்ட சிவனின் வாழ்க்கையையே இரண்டு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன. கேரளத்தின் இசை வரலாறு அவரைத் தமிழ்ப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கியது. தமிழகத்தின் வரலாறு அவரைத் திருவிதாங்கூர்க்காரர் என்று அடிக்குறிப்பில் வைத்தது. மக்கள் நலனுக்காக வரைந்த கோடு அது. பாட்டுக்கு அது தெரியாமல் நேர்ந்த காயம். இருபுறமும் மனம் வைத்தால் ஆற்றக் கூடிய காயமும்கூட.

வலியசாலையில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடவில்லை என்பதற்குப் பாறசாலை பி. பொன்னம்மாள் சாட்சியாக இருந்தார். 1924-இல் பிறந்தவர். இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்த முதல் மாணவி, அங்கேயே ஆசிரியை ஆன முதல் பெண், பின்னர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வர். குருவாயூர் புரேச சுப்ரபாதம் போன்றவற்றுக்கு இசையமைத்தவர். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த வழக்கத்தை 2006-இல் உடைத்து, எண்பதைத் தாண்டிய வயதில் முதல் பெண்ணாக அங்கே அமர்ந்து பாடினார். கோட்டைக்குள்ளே போக ஒரு பெண்ணுக்கு அத்தனை ஆண்டு ஆயிற்று. மேடையில் அலட்டிக்கொள்ளாத, விளம்ப காலத்தில் நிதானமாக ராகத்தை இறக்கிவைக்கிற அந்தப் பாட்டில் அக்ரஹாரத் திண்ணையின் பொறுமை இருந்தது. 2017-இல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில், வலியசாலையில் உள்ள வீட்டில் காலமானார்.

ஆக, செய்ய வேண்டியது என்ன? இன்றைய கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசி அரைமணி நேரத்தில் துக்கடா என்ற இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிவனின் தோடிக்கும் காம்போஜிக்கும் அந்த இடம் போதாது. ராகம், நிரவல், ஸ்வரம் எல்லாம் தாங்கும் முதுகெலும்பு அவற்றுக்கு உண்டு. 'ஆனந்த நடமாடுவார்' ஒரு மணிநேரப் பிரதான உருப்படியாக நிற்கும். மேடையைவிட முக்கியமானது தெரு. தமிழ்க் கீர்த்தனை பஜனையில் உருவாயிற்று, பஜனையால் பிழைத்தது. பாடத்திட்டத்தில் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், பத்துப் பேர் கூடித் திருப்பிப் பாடும் இடங்களை மறுபடி உண்டாக்க வேண்டும். இலட்சுமண பிள்ளையின் பாட்டுகளுக்கும் அப்படி ஒரு கூட்டம் அமைந்தால், தெய்வப் பெயர் இல்லாத தமிழ்ப் பாட்டும் தெருவில் நிற்குமா என்பது தெரிந்துவிடும்.

அதற்கு ஏற்ற நாளும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். கூடவே சுசீந்திரத்து முன்னூற்றுநங்கை பல்லக்கிலும், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையோடும் வருகிறார்கள். குழித்துறை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாக ஊர்வலம் மாநில எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் சேர்கிறது. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்விடுகிறாள், அங்கே ஒன்பது இரவும் கச்சேரி. நங்கை செந்திட்டைக் கோயிலில் தங்குகிறாள். குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோயிலில், வலியசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தமிழ் நாட்டு முருகன் ஒன்பது இரவு அங்கே இருக்கிறார். 'கா வா வா'வும் 'கார்த்திகேய காங்கேய'வும் 'ஸ்ரீவள்ளி தேவசேனாபதே'யும் பாட நான்கு ஜால்ராவும் ஒரு மிருதங்கமும் இருந்தால் போதும். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து கோயில் வாசலுக்கு நடந்தே போய்விடலாம்.